சுவரில் பேச்சிமுத்துவின் முகம்

அக்கா மகள் கல்லூரிப் பாடத்துக்காக ஒரு பழைய யுத்தச் சுவரொட்டியைச் செல்போனில் அனுப்பியிருந்தாள். விரலை நீட்டி நம்மையே பார்க்கும் சிப்பாய். "இது எப்படி ஆள மடக்குது, சொல்லுங்க சித்தி" என்று கேள்வி வேறு. எனக்கு என்னவோ போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை வாசம்தான் வந்தது. பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சிய அந்தப் புளிச்ச வாசம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கார்கில் சண்டை நடந்த வருஷம், ஜங்ஷன் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். பெரிய டிசைனர் என்று நினைப்பு. செய்ததெல்லாம் காதுகுத்தும் கண்ணீர் அஞ்சலியும். ஜவான்களுக்கு நிதி திரட்ட வியாபாரிகள் ஒரு போஸ்டர் கேட்டார்கள். எங்கள் மெஷின்மேன் சுடலையின் தம்பி பேச்சிமுத்து அப்போது பட்டாளத்தில் இருந்தான். அவன் போட்டோவையே போட்டோம்.

முதலாளி அண்ணாச்சி இந்த வித்தையில் கெட்டி. "கண்ணு நேராப் பாக்கணும். எங்கன நின்னாலும் நம்மளயே பாக்கணும். ரெண்டு வரிக்கு மேல போச்சுன்னா ஒருத்தனும் நிக்க மாட்டான், பாத்துக்கோ" என்றார். 'உனக்காக நிற்கிறான். நீ என்ன செய்தாய்?' என்று நான் எழுதியதை அவர் மெச்சியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. செலவைக் குறைக்கக் கறுப்பு மை மட்டும் ஓட்டினோம். ராத்திரியோடு ராத்திரியாக ஜங்ஷன் சுவரெல்லாம் ஒட்டியும் முடித்தாயிற்று.

எங்கள் பக்கம் சாதாரண ஆளின் முகம் சுவரில் ஏறினால், ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். அன்றாடம் அஞ்சலி அடிக்கிற எங்களுக்கு அது உறைக்கவில்லை பாருங்கள்!

மறுநாள் காலை சுடலையின் அம்மா சீவலப்பேரி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். எழுத்துத் தெரியாதவர். எதிர்ச் சுவரில் கறுப்பு வெள்ளையில் மகன் முகம், வரிசையாக. செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்து அச்சக வாசலில் விழுந்தார்.

"ஏலே சொடல, தம்பி போயிட்டானால? எங்கிட்ட ஏன்ல சொல்லல?"

"யம்மா, அவன் நல்லாருக்கான். இது நிதிக்கு ஒட்டுனது."

"உசுரோட இருக்கவன ஏன்ல செவுத்துல ஒட்டுனிய?"

அந்த அம்மா சுவர் சுவராகப் போய், பசை காயாத போஸ்டர்களை நகத்தாலேயே கிழித்தார். சுடலையும் நானும் கூடவே கிழித்தோம். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

பேச்சிமுத்து லீவில் வந்து எதிரே நிற்கும்வரை அவர் முழுசாக நம்பவில்லை. "எம் படத்த ஊரெல்லாம் ஒட்டுனியளாம்லா, ஒண்ணு குடுங்கக்கா" என்று அவன் சிரித்தான். ஒன்றுகூட மிச்சமில்லை.

இப்போது அந்த அச்சகம் இல்லை, பசை வாசமும் இல்லை. ஜங்ஷன் முழுக்க பிறந்தநாள் பையன்கள் ஃப்ளெக்ஸில் நிற்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. போன வருஷம் அந்த அம்மா காலமானபோது, போஸ்டருக்கு வாசகம் எழுதித் தரட்டுமா என்று பேச்சிமுத்துவிடம் கேட்டேன்.

"அம்மாவ செவுத்துல ஒட்ட வேண்டாம்க்கா" என்றான்.