முருகேஸ்வரி கேட்ட எதிர்வாசல்

நாரணாபுரம் பக்கம் போனால், நான் முதன்முதலாகக் கட்டிய வீட்டை இன்றும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன். ஊரார் பயராபீஸ் என்று சொல்லும் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் முருகேஸ்வரியின் வீடு அது.

“ஒவ்வொரு ரூமுக்கும் எதிரெதிரா ரெண்டு வாசல் வையுங்க சார்” என்று அன்று கேட்டார். ஆலை அறைகளில், வெடித்தால் தப்பி ஓட அப்படித்தான் வைப்பார்கள். அந்தப் பயத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன்.

“இது வீடுக்கா, பயராபீஸ் இல்ல” என்று சிரித்தேன். அழகுக்காக மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி பதித்தேன். ஏசிக்கும் இடம் விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சித்திரை மதியம் தண்ணீர் கேட்டு அங்கே நுழைந்தேன். கரண்ட் இல்லை. ஆனாலும் கூடத்தில் காற்று ஓடிக்கொண்டிருந்தது. கிழக்குச் சுவரை உடைத்து ஒரு வாசல். அதற்கு நேரே, என் கண்ணாடி இருந்த இடத்தில் இன்னொரு வாசல். வெளியே வெயிலுக்குக் கீற்றுப் பந்தல்.

“நாங்க மருந்து அடைக்கிற ரூம்ல ஃபேனே கெடையாது சார். இம்புட்டு வருசமா வாசக் காத்துலதான் உக்காந்திருக்கோம்” என்றபடி ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார் முருகேஸ்வரி.

அப்போது உள்ளே வந்த பக்கத்து வீட்டம்மா, “ஒங்க வீடு மட்டும் எப்பிடிக்கா இப்பிடி இருக்கு?” என்றார்.

முருகேஸ்வரி என்னைக் காட்டினார். “இந்தா, சார்தான் பிளான் போட்டுக் குடுத்தாக.”

நான் செம்பை வாயிலிருந்து எடுக்காமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போதெல்லாம் எதிர்வாசலைத்தான் முதலில் வரைகிறேன். வீடு குளுகுளுவென்று இருப்பதாக யாராவது பாராட்டினால், அந்தச் செம்பு இன்னும் என் வாயிலேயே இருப்பதுபோல் இருக்கும்.