அத்தானுக்குத் தோதான ஃபில்டர்

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "கொஞ்ச நாளைக்குத் தூசி படாம பாத்துக்கோங்க." அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு என் அத்தான் ஒரு சட்டப் புத்தகமே எழுதிவிட்டார். கொஞ்ச நாள் என்பது ஒன்றரை வருஷம் ஆனது.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு நிமோனியா வந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று எங்களை ஆட்டி வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். திரும்பியவர் முதலில் ஜன்னல்களைச் சாத்தினார். பிறகு இடுக்குகளில் டேப் ஒட்டினார். நான் போனால் வாசலில் நிற்க வைத்து உடுப்பை உதறிவிட்டு வரச் சொல்வார். "நான் என்ன கால்மிதியா அத்தான்?" என்று கேட்டேன். சிரிக்கவே இல்லை மனிதர். கடைசியாக அக்காவின் தையலை நிறுத்தினார். துணியிலிருந்து பஞ்சு பறக்கிறதாம்.

அக்கா தைப்பது ஜன்னல் திரைகள். கடைத்தெருவில் திரைத்துணி விற்கும் ஒரு முதலாளி துணியையும் அளவையும் கொடுத்துவிடுவார். அக்கா பின்னறையில் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். காலையில் சமையலை முடித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், மத்தியானம் வரை மிஷின் சத்தம் மட்டும்தான் வெளியே வரும். மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள், மகனை வளர்த்து வேறு ஊருக்கு வேலைக்கு அனுப்பியவள். அதற்கு நடுவே தனக்கென்று அவள் பிடித்து வைத்திருந்தது அந்த ஓர் அறையைத்தான். "உள்ள இருக்கும்போது என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கடி" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"காத்து மட்டும் சுத்தமாகட்டும். அப்புறம் நீ தாராளமாத் தை. நான் என்ன வேணாம்னா சொல்றேன்?" என்றார் அத்தான். அக்கா அதை அப்படியே நம்பினாள். ஆக, அவளுடைய அறை ஒரு ஃபில்டரை நம்பித் தொங்க ஆரம்பித்தது.

அந்த வீட்டில் குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே மிஷின்தான். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரிக்குள் நின்றுகொண்டு, கூரைக்குள் ஓடும் குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் காற்றை அனுப்பும். அனுப்பிய காற்றைத் திரும்ப இழுக்க, நடைவழிச் சுவரில் கம்பித் தட்டி போட்ட ஒரு வாய் உண்டு. அந்தத் தட்டிக்குப் பின்னால் அட்டைச் சட்டம் கட்டிய ஒரு ஃபில்டர் செருகியிருக்கும். வீட்டில் பறக்கிற அத்தனை தூசியும் அதில்தான் மாட்ட வேண்டும்.

முதலில் இருந்தது கண்ணாடி நாரில் செய்த மெல்லிய ஃபில்டர். தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவரின் மூக்கு தெரியும். "இது பல்லியைத் தடுக்கும், வேற எதையும் தடுக்காது" என்று சொல்லி, அக்கா மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த ஃபில்டர் ஒன்றை வாங்கி வந்தாள். ஓரத்தில் எட்டு என்று நம்பர் போட்டிருந்தது. நம்பர் ஏற ஏற இன்னும் பொடித் தூசியைப் பிடிக்கும் என்று கடையில் சொன்னார்களாம்.

அத்தானிடம் ஒரு பரீட்சை இருந்தது. காலையில் ஹால் ஜன்னலின் மறைப்பை ஒரு விரல் அளவுக்கு விலக்குவார். வெயில் ஒரு கோடாக உள்ளே விழும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அதோ பாரு, பறக்குது."

"வெயில்ல வெச்சுப் பாத்தா எல்லார் வீட்லயும்தாங்க பறக்கும்."

"எல்லார் வீட்டு நுரையீரலும் என் நுரையீரலும் ஒண்ணா?"

அக்கா மறுபடி கடைக்குப் போனாள். எட்டு போய்ப் பதினொன்று வந்தது. அதுவும் பரீட்சையில் தோற்றது. பிறகு அந்தக் கடையில் இருந்ததிலேயே பெரிய நம்பர், பதின்மூன்று வந்தது. இதற்குள் திரைக்கடை முதலாளி ஃபோன் பண்ணிப் பண்ணி அலுத்துப்போனார். புதிதாகக் கட்டுகிற ஒரு விடுதிக்கு எல்லா ஜன்னலுக்கும் திரை தைக்க வேண்டுமாம். இந்த வேலையையும் விட்டால் வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அக்கா என்னிடம் அதைச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லியிருக்கேன்டி. சரியான ஃபில்டர் கெடச்சிடும்" என்றாள்.

அப்போதுதான் அத்தான் தம் மூளையைக் காட்டினார். ஒரு பதின்மூன்று நல்லது என்றால் இரண்டு பதின்மூன்று ரொம்ப நல்லதுதானே? அக்கா குளிக்கப் போன நேரத்தில், இரண்டை ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்து, தட்டிக்குப் பின்னால் தள்ளி அமுக்கிவிட்டார். அதுவும் எந்த மாதம்? தார்ரோடு இளகுகிற மாதம்.

நான் போனபோது வீடு வெந்துகொண்டிருந்தது. மிஷின் ஓடுகிறது, காற்று வரவில்லை. கூரைத் துளைக்குக் கீழே கையை நீட்டினால், யாரோ சலித்துக்கொண்டு பெருமூச்சு விடுகிற மாதிரி கொஞ்சம் வந்தது. படிக்கட்டு அலமாரியிலிருந்து தண்ணீர் ஒழுகி நடைவழியெல்லாம் ஈரம். அக்கா நாற்காலியில் வேர்வையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்து, பழைய ஃபில்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் நேரே போய் ஜன்னலில் ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தேன்.

"சின்னவளே, தொறக்காத!" என்று அத்தான் அலறினார்.

"தொறப்பேன்! அக்கா வெந்து சாகட்டும்னு பாக்குறீங்களா?"

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கத்துவது என் தொழில். அன்றைக்கு அந்தத் தெருவே கேட்கும்படி கத்தினேன். ஆனால் ஜன்னலைச் சாத்தியது அத்தான் இல்லை. அக்காதான் எழுந்து வந்து சாத்தினாள். "விடுடி, அவருக்கு இருமல் வந்துட்டா நான்தான் பாக்கணும்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மெக்கானிக் வந்தார். அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உள்ளே குளிர்விக்கிற குழாயெல்லாம் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. வெளியே நாங்கள் வேகிறோம், உள்ளே அது விறைத்துக் கிடக்கிறது. பிறகு நடைவழித் தட்டியைக் கழற்றி இரண்டு ஃபில்டரையும் உருவினார்.

"அண்ணே, உங்க மூக்குல ரெண்டு போர்வைய அமுக்கிட்டு ஓடச் சொன்னா ஓடுவீங்களா?"

"பெரிய நம்பர்தானே நல்லது?"

"மிஷினுக்கு இழுக்க முடிஞ்சா நல்லது. இது சின்ன மிஷின், இதால பதிமூணையே இழுக்க முடியாது. பதினொண்ணு போடுங்க. அழுக்கானதும் மாத்துங்க. குளிர்காலத்துல ஹீட்டர் ஓடும்போது இந்த மாதிரி அடைச்சு வெச்சீங்கன்னா, சூடு தாங்காம அது பாட்டுக்கு நின்னுடும்."

"பதினொண்ணு போட்டாத் தூசியே வராதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"தூசியே இல்லாத வீடு எங்கயாவது இருந்தாச் சொல்லுங்கண்ணே, நானும் குடிவந்துடறேன்."

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏற்கெனவே தோற்ற நம்பருக்கே திரும்பிப் போவதா என்று அவருக்கு ரோஷம். அக்கா மட்டும் தட்டியைக் கழற்றிய அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபில்டர் நின்ற இடத்துக்கு அந்தப் பக்கமும், ஒரு ஓரமாக, பூனை வால் தடிமனுக்குத் தூசி படிந்திருந்தது. ஃபில்டரைத் தாண்டிய பிறகு தூசி எப்படி? ஓடிப்போய் இன்ச் டேப்பை எடுத்து வந்தாள். பொந்தை அளந்தாள், ஃபில்டரை அளந்தாள். அட்டையில் அச்சடித்த அளவு ஒன்று, நிஜ அளவு வேறு.

"சட்டை சைஸ் மாதிரிதாங்க. கழுத்துல நாப்பதுன்னு போட்டிருப்பான், போட்டுப் பாத்தாத்தான் தெரியும். இங்க அரை இன்ச் சந்து இருக்கு. காத்து ஃபில்டருக்குள்ள போகாம இந்தச் சந்துலதான் போயிருக்கு!"

மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாக்கா, நான்கூடக் கவனிக்கல" என்றார். எத்தனை நம்பர் ஏற்றியும் ஏன் தூசி குறையவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அக்கா மறுநாளே கடைக்குப் போய், பொந்தின் நிஜ அளவுக்கு ஆகப் பொருத்தமான பதினொன்றாம் நம்பரைத் தேடி எடுத்தாள். நாலு ஓரத்திலும் ஒட்டுகிற ஸ்பாஞ்சுப் பட்டை வைத்து, காற்று போகும் பக்கம் பார்த்து அட்டையில் போட்டிருக்கிற அம்புக்குறி சரியாக இருக்கும்படி செருகினாள். பிள்ளைக்குச் சட்டை போட்டுவிட்டுப் பார்ப்பது போல ஓர் அடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாளாம். ஃபோனில் சொல்லும்போது பாட்டுப் பாடாத குறை.

வீடு குளிர்ந்தது. மகன் அனுப்பிய ஒரு சின்னப் பெட்டி ஹால் மேசையில் இருந்தது. காற்றில் எவ்வளவு தூசி என்று நம்பர் காட்டும். அந்த நம்பர் இறங்கியது, இறங்கியபடியே நின்றது. வெயில் கோட்டில்கூட இரண்டொன்று பறந்ததோடு சரி.

"அப்ப நாளைக்குத் தையல் மிஷின் போடறேங்க" என்றாள் அக்கா. அத்தான் எழுந்து போய்ப் பெட்டியை இன்னொரு தடவை பார்த்தார்.

மறுநாள் எனக்கு லீவு. வேடிக்கை பார்க்கவே போனேன். இருப்பதிலேயே அதிகம் பஞ்சு உதிர்க்கிற வெல்வெட் துணியை எடுத்துக்கொண்டு அக்கா பின்னறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். மிஷின் சத்தம் கிளம்பியது. நான் ஹாலில் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். நம்பர் அசையவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அத்தானைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"அக்கா, இங்க வா!" என்று கத்தினேன்.

கதவு திறந்தது. அக்கா தோளெல்லாம் பஞ்சோடு, சிரித்த முகமாக வந்தாள். "பாத்தீங்களா, நம்பர் ஏறலை!" என்றவள், அவரைப் பார்த்ததும் நின்றாள். "என்னங்க, மூச்சு முட்டுதா?"

"நம்பர் சரியாத்தான் இருக்கு" என்றார் அத்தான். "கதவச் சாத்தாத."

"ஏன்?"

"ஆஸ்பத்திரில என்னைத் தனி ரூம்ல போட்டாங்கள்ல? கண்ணாடிக் கதவு. அதச் சாத்திட்டுப் போயிட்டாங்க. நான் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல. நீ வெளியதான் ஒக்காந்திருந்த, கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. உனக்கும் கேக்கல." மூச்சு வாங்கினார். "நீ உள்ள போயிச் சாத்துனா அதே மாதிரி ஆயிடுது. தூசியெல்லாம் இல்ல. தூசின்னு சொன்னா நீ கேட்டுக்குவ. இதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எனக்கு நாக்கில் எத்தனையோ வந்தது. ஒன்றரை வருஷம் கடை கடையாக அலைந்தாளே, வேகிற வீட்டில் வெந்தாளே, அதற்கெல்லாம் என்ன கணக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்த மனிதரின் கண் அக்காவை விட்டு நகராததைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். சண்டை போட்டிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். இவர் கெஞ்சுகிறார். கெஞ்சுகிறவரை என்ன செய்வது?

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள். முந்தானையில் ஒட்டியிருந்த வெல்வெட் பஞ்சு அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

அடுத்த வாரம் போனேன். வாசலிலேயே மிஷின் சத்தம் கேட்டது. விடுதிக்கான வேலையை அக்கா வாங்கிவிட்டாள். பின்னறைக்குக் கதவு இல்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவளே கீலைக் கழற்றி, கதவைக் கொல்லைப்புறச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அத்தானின் நாற்காலி அந்த வாசலுக்கு நேர் எதிரே நகர்ந்திருந்தது. முகம் தெளிவாக, இருமல் இல்லாமல், நன்றாகத்தான் இருந்தார். உடுப்பை உதறச் சொல்லி என்னைக் கேட்கவுமில்லை.

நான் அறைக்குள் போய் அக்கா பக்கத்தில் நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஹாலிலிருந்து, "கரண்ட் பில் கட்டியாச்சா?" என்று ஒரு குரல். கொஞ்சம் கழித்து, "தண்ணி குடிச்சியா?" அதற்கப்புறம், "அது என்ன கலரு?" அக்கா ஒவ்வொன்றுக்கும் தையலை நிறுத்தி, திரும்பி, பதில் சொல்லிவிட்டு, மறுபடி ஊசிக்கடியில் துணியை நேர் செய்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. குரலைத் தணித்துச் சொன்னேன்: "கதவுதானே வேணாங்கிறாரு? ஊருக்கெல்லாம் திரை தைக்கிற. இந்த வாசலுக்கு ஒண்ணு தைச்சு மாட்டிக்கயேன். கூப்பிட்டா உனக்குக் கேக்கும், ஆனா கண்ணுல படாம நீ பாட்டுக்கு இருக்கலாம்ல?"

அக்கா பாபினில் நூல் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"கேட்டுப் பாத்தேன்டி. திரை மாட்டினாத் தூசி சேருமாம்."

ஹாலிலிருந்து அத்தான், "என்ன பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க" என்று அக்கா குரல் கொடுத்துவிட்டு, மிஷினை மிதித்தாள்.