லேகியத்துக்கு ஷேடு பார்த்தவன்

சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்க்கிறவன் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதன் நிறத்தைத்தான் பார்ப்பான். திருப்பூரில் பதினாறு வருடமாக நான் அப்படித்தான் இருக்கிறேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றினால் மஞ்சள் கொஞ்சம் தூக்கல் என்று தோன்றும். மனைவி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, முந்தானைக்கும் சேலை உடம்புக்கும் ஷேடு ஒட்டவில்லை என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டுதான் போன வருடம் அவளுக்குப் பிரசவ லேகியம் கிண்டக் கிளம்பினேன்.

எங்கள் பக்கம் அது பெண்ணைப் பெற்றவளின் வேலை. ஏழாம் மாதம் கட்டுச்சோறு ஆக்கிக் கொண்டுவந்து மகளை அழைத்துப் போவதிலிருந்து, பிள்ளையோடு திருப்பி அனுப்பி வைக்கும் வரை அவள் வாய்க்குள் என்ன போகலாம், என்ன போகக் கூடாது என்பதைப் பெற்றவள்தான் முடிவு செய்வாள். மூத்த மகள் பிறந்தபோது எல்லாம் கொமரலிங்கத்தில் என் மாமியார் வீட்டில் முறையாக நடந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய், மாப்பிள்ளைக்கு என்று அடித்த கோழியைச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத் திரும்புவேன். லேகியம் என்ற ஒன்று அந்த வீட்டுக்குள் இருந்தது அதன் வாடையால்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாவது பிரசவத்துக்கு அத்தை இல்லை. கட்டுச்சோறுக்கு நாள் குறித்து, இன்னும் பத்து நாள் இருக்கும்போது மாரடைப்பு வந்து ஒரே காலையில் போய்விட்டார். மாசமாக இருக்கிறவள் பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று என் மனைவியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். ரொம்பக் கெஞ்சிய பிறகு தூரத்தில் நிற்க வைத்து முகத்தை மட்டும் காட்டினார்கள். அழாதே, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று நாலு பேர் சொன்னார்கள். அதில் நானும் ஒருவன். அவளும் அழவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டாள் என்று அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவள் சரியாக இல்லை. பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான். தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். மூத்தவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் கையை விலக்க மாட்டாள், அணைக்கவும் மாட்டாள். என் அம்மா பத்து நாள் வந்து இருந்துவிட்டு, முட்டி வலியோடு இனி முடியாது என்று ஊருக்குப் போய்விட்டார்.

பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். "தாயை இழந்து மூணு மாசந்தானே ஆச்சு. சாப்பாடும் தூக்கமும் இப்படியே இருந்தா ரெண்டு வாரத்துல கூட்டிட்டு வாங்க, மனசுக்குன்னு இருக்கற டாக்டர்கிட்ட அனுப்பறேன். சும்மா விட்றாதீங்க" என்றார். லேகியம் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சமாகக் கொடுங்கள், ஆனால் நான் எழுதிய இரும்புச்சத்து மாத்திரைக்கு அது பதில் இல்லை என்றார். நான் லேகியத்தைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அம்மா கடையில் வாங்கி வைத்துவிட்டுப் போன லேகியத்தை அவள் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்து, "எங்கம்மா செஞ்சது இப்படி இருக்காதுங்க" என்று சொல்லியிருந்தாள். பல நாளில் அவளாக வாய் திறந்து சொன்னது அந்த ஒன்றுதான்.

வேறு யாராவது கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார்கள். எனக்கோ உற்சாகம் வந்துவிட்டது. இதே பேச்சைத்தான் நான் தினமும் கேட்கிறேன். துணிக்கு ஆர்டர் கொடுக்கிற பையர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இந்த நிறம் வேண்டும் என்பான். நாங்கள் சின்னச் சின்னத் துண்டாக ஏ, பி, சி என்று சாயம் போட்டு அனுப்புவோம். இது இல்லை என்று திரும்பி வரும். மறுபடி போடுவோம். கடைசியில் ஒன்று அப்ரூவல் ஆகும். இது என் வேலை, இதை நான் செய்துவிடுவேன் என்று நினைத்தேன்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே, "யாருங்க கிண்டறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "ஆம்பளை லேகியம் கிண்டி நான் பார்த்ததில்லீங்க. அடி பிடிக்காம பார்த்துக்குங்க சாமி" என்றார். எது எவ்வளவு கிராம் என்று கேட்டேன். "கிராமா? கைக்குத் தெரியுமுங்க" என்றார். என் கைக்குத் தெரியாது என்பதால் நானே ஒரு கணக்குப் போட்டு, லேப் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் சாம்பிளை அவள் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். எங்கள் ஊரில் அந்த 'தான்' வந்தால் நல்லா இல்லை என்று அர்த்தம். இரண்டாவதில் பூண்டைக் குறைத்து ஓமத்தைக் கூட்டினேன். "அதுக்கு இது தேவலாங்க" என்றாள். மூன்றாவது கொஞ்சம் தீய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா விருதுநகர் பக்கத்துக்காரர். வாடை பிடித்து வந்து எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, தார் ரோடா போடுதீக?" என்று கேட்டார். என் மனைவியின் உதடு ஒரு பக்கம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அது சிரிப்பாக இருக்கக்கூடும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று தடவை ரிஜெக்ட் ஆனால் லேப்பில் நாங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்போம். ஒரிஜினல் எங்கே? கையில் ஒரிஜினல் இல்லாமல் வாய்ப் பேச்சைக் கேட்டு ஷேடு போட்டால் ஆயுசுக்கும் ஒட்டாது. அப்படி யோசித்தபோதுதான் எனக்கு அந்தப் பாட்டில் நினைவுக்கு வந்தது. மூத்தவளைத் தூக்கிக்கொண்டு கொமரலிங்கத்திலிருந்து வந்தபோது அத்தை கொடுத்தனுப்பிய கொஞ்சம் லேகியம் அதில் அப்படியே இருந்தது. வீடு மாறியபோதுகூட அதைப் பார்த்திருக்கிறேன்.

சமையலறை மேல் அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். என் மனைவி அதை ஒரு சேலைத் துண்டில் சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஆறு வருடமாக யாரும் தின்னாத ஒரு பொருளை எதற்கு இப்படிப் பத்திரப்படுத்தியிருக்கிறாள் என்று அந்த முடிச்சை அவிழ்க்கும்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவள் பையனோடு கண்ணயர்ந்திருந்தாள். நான் பாட்டிலை டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அடியில் ஒரு எலுமிச்சை அளவுக்கு இறுகிப் போயிருந்தது. மேற்பரப்பில் மூன்று பள்ளம் வரிசையாக இருந்தது. அங்கே கரண்டி நுழைய வசதியாக இருந்ததால் அங்கிருந்துதான் சுரண்டினேன். சாயத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற லைட் பாக்ஸில் வைத்து நிறத்தைப் பார்த்தேன். லேகியத்தை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கூட வேலை பார்க்கிற பையன்கள் கேலி செய்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் எடுத்து வெந்நீரில் கரைத்து, வெள்ளைப் பனியன் துணியில் வடிகட்டி, மிஞ்சிய திப்பியைப் பிரித்துப் பார்த்தேன். போதவில்லை. மிச்சத்தில் பாதியை எடுத்தேன். பிறகு அதில் பாதி. பையர் கொடுத்த துண்டை நாங்கள் அப்படித்தான் வெட்டி வெட்டிச் சோதனைக்குப் போடுவோம், சாயங்காலம் ஓரத்தில் நூல்தான் மிஞ்சும். கடைசியாக இருந்த பட்டாணி அளவை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சிக்கு வாடைதான் அடித்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கரைசல் வைத்திருந்த பாத்திரத்தின் மேலே வெள்ளையாக ஒரு ஏடு உறைந்திருந்தது. லேப்பில் எப்போதும் ஏசி ஓடும். நல்லெண்ணெய் அந்தக் குளிரில் உறையாது. நெய் உறைந்தால் மஞ்சளாகக் குருணை குருணையாக இருக்கும். இப்படி வெள்ளையாக உறைவது தேங்காய் எண்ணெய்தான். எழுந்து நின்று கையைத் தட்டினேன். கொமரலிங்கத்தைச் சுற்றித் தென்னந்தோப்புதானே. அத்தை நல்லெண்ணெய் ஊற்றவில்லை. தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றி, எண்ணெய் பிரிகிற வரை கிண்டியிருக்கிறார். கிண்டியபோது மகள் பிள்ளையோடு உள்ளே படுத்திருந்ததால் அவளுக்கும் அது தெரியவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். நாலு தேங்காய் உடைத்துப் பால் எடுத்து, கை வீங்குகிற அளவுக்குக் கிண்டினேன். நெல்லிக்காய் அளவு உருட்டி அவள் கையில் கொடுத்தேன். வாயில் போட்டவள் மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு குடுங்க" என்றாள். பிள்ளை பிறந்து ஒரு மாதத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. இன்னொன்றை உருட்டிக் கொடுத்தேன்.

"எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் மூடுகிற ஆளா நான்? நல்லெண்ணெய் உறையாது, தேங்காய் எண்ணெய் உறையும், ஏசி, பனியன் துணி, லைட் பாக்ஸ் என்று எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் பார்வை என்னை விட்டுச் சமையலறைப் பக்கம் போனது.

"எதை வெச்சுங்க பார்த்தீங்க?"

"மேல ஒரு பாட்டில் இருந்துச்சில்ல புள்ள, உங்கம்மா குடுத்தது."

"மிச்சம் எங்கீங்க?"

டிபன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். நான்தான் அதைச் சுத்தமாகக் கழுவியும் வைத்திருந்தேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அம்மா கரண்டி தேடாம கையாலயே அழுத்திக் குடுத்துச்சுங்க. அதுல மூணு வெரல் தடம் இருந்துச்சு. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆனால் எங்கிருந்து சுரண்டினேன் என்பது எனக்குத் தெரியும் அல்லவா? அதை மறைத்துவிட்டு அந்த வீட்டில் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

அவள் அழுதாள். பாட்டிலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அம்மா அம்மா என்று கத்தி அழுதாள். பையன் எழுந்து அவனும் அழுதான். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து பையனைத் தூக்கிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அழட்டும் தம்பி, நீங்க ஒண்ணும் பேசாதீக" என்றார். அழாதே என்று மூன்று மாதம் முன்னால் சொன்னவன் நான். இப்போது அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என்னை அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன். அவள் அடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த வாரமே டாக்டரம்மா சொன்ன இன்னொரு டாக்டரிடமும் போனோம், பிறகும் பல தடவை போனோம். என்னிடம் இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் காலையில் லேகிய உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வந்து பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். மாத்திரையையும் போட்டிருப்பாள்.

மூன்றாம் நாள் காலையில் தட்டை வைத்துவிட்டு நகரப் போனபோது அவள் கையை நீட்டினாள். உருண்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவசரத்தில் உருட்டியதால் அதன்மேல் என் விரல் பதிந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இருவருமே அதைப் பார்த்தோம். குடு, சரியாக உருட்டித் தருகிறேன் என்று எடுக்கப் போனேன்.

அவள் கையை மூடிக்கொண்டாள். "இருக்கட்டும் விடுங்க" என்றாள். பிறகு கையைத் திறந்து இன்னொரு தடவை அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.