வெள்ளையெல்லாம் உப்பு என்று நினைத்தேன்

2005-ஆம் வருஷம் ஐப்பசி மாதம். மரக்காணத்தில் அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் மழை விழுந்தால் எங்களைப் போன்ற கூலிக்காரர்களுக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம். தை பிறந்து, பாத்திகளில் சேறு மிதித்துச் சரிசெய்து, மறுபடியும் உப்பைக் கண்ணால் பார்ப்பதற்குள் நாலு மாதம் ஓடிவிடும். அதில் தை பிறக்கும் வரை நான் வருஷா வருஷம் சென்னைக்குப் போய் சென்ட்ரிங் வேலை பார்ப்பேன். கட்டுகிற கட்டடத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வது, ஏற்கெனவே ஓய்ந்துபோன உடம்பை இன்னும் கொஞ்சம் ஓயவைத்துக்கொண்டு பொங்கலுக்குத் திரும்புவது, இதுதான் என் வழக்கம்.

அந்த வருஷம் போக மனசு வரவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து என் மனைவி மாசமாக இருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகித் தங்காமல் போனது. இரண்டு தடவையும் நான் ஊரில் இல்லை. யாரோ கடைக்கு போன் செய்து, கடைக்காரர் மேஸ்திரியிடம் சொல்லி, மேஸ்திரி எனக்குச் சொல்லித்தான் தெரியும். இந்த முறை அவள், "இந்தத் தபா போவாதீங்க" என்றாள்.

சரி, ஊரிலேயே இருப்பது என்று முடிவாயிற்று. சோற்றுக்கு என்ன செய்வது? எங்கள் ஊரை ஒட்டிக் கழுவெளி இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீராகக் கிடக்கும். இறாலும் மடவை மீனும் கிடைக்கும். சின்னதாக ஒரு பழைய படகு இருந்தால் நாலு மாதத்தை ஓட்டிவிடலாம் என்று என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, யோசனை சொன்னான்.

சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம் அது. கடலோரக் குப்பங்களில் தர்மத்துக்கு வந்த படகுகள் நிறையவே கிடந்தன. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் பாத்திகளிலும்தான் கடல் ஏறியது, ஆனால் படகே இல்லாதவனுக்குப் படகு போனதாக யார் எழுதுவார்கள்? அதில் எனக்குக் கோபம்கூட இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும் அல்லவா?

குப்பத்தில் ஒருவரிடம் அலுமினியப் படகு ஒன்று இருப்பதாக மைத்துனன் விசாரித்து வந்தான். எங்கோ வெளிநாட்டில் ஏரியிலும் ஆற்றிலும் தூண்டில் போடுகிறவர்கள் ஓட்டுகிற படகாம். யாரோ புண்ணியவான்கள் கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். நம் கடல் அலைக்கு அது தாங்குமா? இரண்டே நாளில் அவர் அதைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டார். ஆறேழு மாதமாக அதில் மீனைப் போட்டு உப்புப் பிடிக்க வைத்துக் கருவாட்டுத் தொட்டியாகத்தான் புழங்கிக்கொண்டிருந்தார். அவர் மகளுக்குக் காதுகுத்து வந்தது. விருந்துக்கு ஆடு வேண்டும். எங்களிடம் இரண்டு ஆடுகள் இருந்தன. ஆட்டைக் கொடு, படகை எடுத்துக்கொள் என்று பேச்சு முடிந்தது.

ஆடுகள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அவை என் மனைவியுடையவை. குட்டியில் வாங்கி, உப்பளத்தில் கூடை சுமந்து வந்த களைப்போடு தழை ஒடித்துப் போட்டு அவள் வளர்த்தவை.

படகு பார்க்கப் போன அன்று என் பவுசைப் பார்த்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து படகோட்டினவன் மாதிரி நடந்துகொண்டேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். குறுக்குப் பலகைகளை ஆட்டிப் பார்த்தேன். குப்புறக் கவிழ்த்து அடியில் நசுங்கல் இருக்கிறதா என்று தடவினேன். பிறகு வாய்க்காலில் இறக்கி நானும் மைத்துனனும் ஏறி நின்று குதித்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. "ரெண்டு பேரு தூக்கினா வந்துடும் மாமா, பூ மாரி இருக்குது" என்றான் மைத்துனன். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. தூக்கித் தூக்கித் தேய்ந்த தோள் என்னுடையது. கனமில்லாத ஒரு பொருள் வாழ்க்கையில் வருகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

உள்பக்கம் அடித்தகட்டில், தகடும் தகடும் சேருகிற இடத்தில், ஆணித் தலைகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. படகுக்காரரைக் கேட்டேன். "கருவாட்டு உப்புதான்பா, தேச்சா பூடும்" என்றார். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் சட்டையில் வெள்ளை, சைக்கிள் ரிம்மில் வெள்ளை, கால் வெடிப்பில் வெள்ளை. உப்பளத்துக்காரன் கண்ணுக்கு வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்புதான். அதை யாராவது இரண்டாம் தடவை பார்ப்பார்களா?

ஆடுகளைப் பிடித்துக்கொண்டு என் மனைவி வந்தாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே படகுக்குள் குனிந்து பார்த்தாள். அந்த வெள்ளையை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்பு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க உப்பளத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான். தூ என்று துப்பினாள்.

"ஏங்க, இது கரிக்கவே இல்லீங்க. உப்பு இல்ல இது. நம்ம அலுமினியக் குண்டான்ல மீன்கொழம்ப வெச்சுட்டுப் போயி பூத்து ஓட்டையாப் போச்சே, அதுமாரி இருக்குது. வேணாங்க."

படகுக்காரர் சிரித்துவிட்டார். "ஏம்மா தங்கச்சி, குண்டானும் போட்டும் ஒண்ணா?" அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மூஞ்சி சுண்டிப் போயிற்று. இவ்வளவு நேரம் தட்டியும் குதித்தும் காட்டிய என்னை ஒரு குண்டானைச் சொல்லி மட்டம் தட்டிவிட்டாளே என்று வந்தது.

"உனக்கு இன்னா தெரியும்? ஆட்டக் கட்டிட்டு வூட்டுக்குப் போ" என்றேன்.

அவள் ஆட்டைக் கட்டினாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். ஆடுகள்தான் கத்தின.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் செய்த முதல் வேலை, செங்கல் பொடியும் தேங்காய் நாரும் வைத்து அந்த வெள்ளையை ஒரு பொட்டு விடாமல் தேய்த்து எடுத்ததுதான். அரை நாள் தேய்த்தேன். படகு புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. மனைவி வாசற்படியிலிருந்து பார்த்தாள்.

பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. குழம்புக்குப் போக விற்கவும் கிடைத்தது. தினம் படகுக்குள் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். மழைத் தண்ணீர் என்று மைத்துனன் டப்பாவால் மொண்டு ஊற்றுவான். விடாமல் மழை பெய்தால் வேறு என்ன தோன்றும்?

பதினோராம் நாள் அவன் காய்ச்சலில் விழுந்தான். முதல் நாள் போட்ட வலை தண்ணீரில் கிடந்தது. விட்டால் நண்டு கடித்து நாசமாக்கிவிடும். தனியாகப் போகிறேன் என்று கிளம்பினேன். "ஒத்த ஆளா எப்படி வலையையும் புடிச்சு, கழியையும் ஊணுவீங்க?" என்று அவளும் ஏறிக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஐந்து முடிந்து ஆறாவது மாதம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலுப்பு என்பது ஒரு பொல்லாத சாமான். ஒரு கை கூட இருந்தால் தேவலை என்று எதையும் சரியென்று சொல்ல வைத்துவிடும்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நடுக் கழுவெளி. அவள் கணுக்கால் வரை தண்ணீர் ஏறியிருந்ததைப் பார்த்து, "இவ்ளோ தண்ணி இருக்குதே" என்றாள். மழைத் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டே, கழியை ஊன்றித் தள்ளுவதற்காகக் குதிகாலை அடித்தகட்டில் அழுத்தினேன். அப்பளம் உடைவது மாதிரி இருந்தது. என் குதிகால் வெளியே போய்விட்டது. தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. ஐயோ என்று கத்தக்கூட நேரமில்லை, படகு எங்கள் காலுக்கடியில் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது.

கழுவெளியில் ஆழம் அதிகமில்லை. எனக்கு நெஞ்சளவு. ஆனால் கீழே சேறு. நின்றால் இறங்கிக்கொண்டே இருக்கும். அவள் என்னைவிடக் குள்ளம், தண்ணீர் கழுத்தைத் தொட்டது. நான் அவளைத் தூக்கப் பார்த்தேன். அவளைத் தூக்கத் தூக்க நான் இறங்கினேன். என் பிடியில் அவளும் இறங்கினாள். அவள் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள், இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

தூரத்தில் இறால் தடவுகிற பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள், பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வார்கள். பறியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார்கள். முதலில் வந்த பெண் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "கால ஊணாதம்மா! மல்லாக்க சாஞ்சுக்கோ! யோவ், அவள உடுய்யா!"

விட்டேன். என் மனைவி அப்படியே மல்லாந்து சாய்ந்தாள். இரண்டு பேர் தோளைப் பிடிக்க, ஒருத்தி தலையைத் தாங்க, அவளை மிதக்கவிட்டே கரை வரை இழுத்துப் போனார்கள். அப்புறம் வந்து என்னையும் இழுத்தார்கள்.

கரையில் அவள் வயிற்றைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண், வீட்டுக்குப் போகும்போது மாற்றிக் கட்ட வைத்திருந்த தன் உலர்ந்த புடவையை அவளுக்குச் சுற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மாசமா இருக்கிற பொண்ண இந்தத் தண்ணியில கூட்டினு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" அவர்களின் அன்றைய இறால் முழுக்கத் தண்ணீரோடு போயிருந்தது, அதைப்பற்றி ஒருத்தரும் பேசவில்லை. பின்னால் புடவையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதும், "கொழந்தைக்கு ஏணை கட்டுங்க" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டாள்.

இரண்டு நாள் வயிற்றில் அசைவே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் துடிப்பு இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய இரண்டு தடவையும் நான் தூரத்தில் இருந்தேன், இந்தத் தடவை என் கையாலேயே செய்துவிட்டேனோ என்று வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். மூன்றாம் நாள் சாயங்காலம், சுவரில் சாய்ந்திருந்தவள் மெதுவாக, "அசையுது" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள்.

தண்ணீர் வடிந்த பிறகு மைத்துனன் படகை இழுத்து வந்து போட்டான். நான் தேய்த்து மினுக்கின இடமெல்லாம் சல்லடை. அந்த வெள்ளைப் பொருக்குதான் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. விரலால் அழுத்தினால் மறுபக்கம் போனது. படகுக்காரர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கும் தெரியாது. அங்கே நின்ற எங்கள் எல்லோரிலும் தெரிந்தது ஒருத்திக்குத்தான்.

அவளுக்காகத்தான் சென்னைக்குப் போகவில்லை என்று அப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன ஒரு பேச்சை, நாலு பேர் சிரிக்கிறார்களே என்று தள்ளிவிட்டவனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள என்ன யோக்கியதை இருக்கிறது? 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் இன்றுவரை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதெல்லாம் அவள் வாயைத் திறந்தால் நான் கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு என்ன என்று கேட்கிறேன். பாதி நாள், "ஒண்ணுமில்ல, நீங்க வேலையப் பாருங்க" என்று எழுந்து போய்விடுகிறாள், அவள் சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.