கீழ் லயத்துக்குச் சுடுதண்ணீர் போன காலை

மீன் வளர்க்கச் சொன்னது டாக்டர். பதுளையில் பிரஷர் பார்க்கும் இடத்தில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா என் கையில் கட்டிய பட்டியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை, யோசினைதான் கூட. வீட்டில ரெண்டு மீன விட்டுப்போட்டு அதைப் பார்த்துக்கொண்டு இருங்கோ, மனம் ஆறும்" என்றார். மாத்திரையைவிட மீன் நல்லதுதானே என்று ஏஞ்சல் மீன் இரண்டும் கொஞ்சம் கப்பியும் வாங்கி வந்தேன். அன்றைக்கு இருந்த யோசனைகளோடு மீனும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் குளிருக்கு, வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மனிதரே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மீனுக்கு ஹீட்டர் வேண்டும். ஹீட்டர் என்பது கண்ணாடிக் குழாய். தண்ணீருக்குள் முங்கி நிற்கும்வரைதான் அது ஒழுங்காக இருக்கும். ஆனால் தண்ணீர் சூடானால் ஆவியாகிக் குறைகிறது. குறைந்து ஹீட்டரின் தலை வெளியே வந்தால் கண்ணாடி வெடிக்கும். வெடித்தால் தண்ணீரில் கரண்ட் பாயும். மீன் சாகும். மீனைத் தூக்கக் கையை விட்டு நான் சாவேன். என்னை இழுக்க வந்து என் மனைவி சாவாள். இதையெல்லாம் தடுக்கத்தான் தினமும் விடிந்ததும் முதல் வேலையாகச் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு மூடி போட்டால் தண்ணீர் இவ்வளவு குறையாது என்பார்கள். மூடினால் மீனுக்கு மூச்சு முட்டுமே என்று நான் போடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஹட்டனில் இருக்கும் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் கூடியது.

"பந்தக்கால் நடுற அன்னிக்கே வந்துரணும்ணே" என்றாள் தங்கச்சி போனில்.

"முதல் நாள் ராத்திரி வந்தா பத்தாதா? இங்க மீனுக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்லம்மா."

"தாய்மாமன் இல்லாம எம்புள்ளைக்கு யாரு மாலை போடுறது? ஒம் மீனா வந்து போடும்? நீ வரலேன்னா எனக்கு அண்ணனே இல்லன்னு பந்தல்லயே சொல்லிருவேன்" என்று வைத்துவிட்டாள். சொன்னால் செய்கிறவள். எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போகக் கீழ் லயத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். கூடப்பிறக்காத தங்கச்சி, ஆனால் கேட்டதும் ஓடி வருவாள். சிக்கல் என்னவென்றால் அவளுக்குக் கை பெரிது. போன தீபாவளிக்கு நாங்கள் கோயிலுக்குப் போய் வருவதற்குள், "பாவம், அதுகளுக்கும் தீபாவளிதானேண்ணே" என்று தொட்டிக்குள் முறுக்கு நொறுக்கிப் போட்டிருந்தாள். கொழுந்து எடுக்க, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் ஊற்றுத் தண்ணீரை வாளியோடு கவிழ்த்தாலும் கவிழ்ப்பாள். அந்தக் குளிரில் மீன் விறைத்துப் போகும். ஆகவே ஆள் தொடாமல் தானே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் சாமான் ஏதாவது இருக்குமா என்று பதுளைக்கு ஆட்டோவைத் திருப்பினேன்.

மீன் கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், மூன்று வகை காட்டினார். ஒன்று மின்சாரத்தில் போவது: தண்ணீர் குறைந்ததும் ஒரு கண் அதைக் கண்டுபிடித்துக் குட்டி மோட்டாரை ஓட்டும்.

"நல்ல சாமான்" என்றார் நானா.

"கரண்ட் போனா?"

"நிக்கும்."

"அந்தக் கண்ணு கெட்டுப்போயி, மோட்டார் நிக்காம ஓடினா?"

"வீடு நெறயும்" என்றார், சிரிக்காமல். விலையைக் கேட்டதும் அதை நானே திருப்பித் தட்டில் வைத்துவிட்டேன்.

இரண்டாவது, போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டுவது. மிக மலிவு. அது அறுந்து ஏஞ்சல் மீன் மண்டையில் விழுவதை அங்கேயே நின்று பார்த்துவிட்டேன். வேண்டாம்.

மூன்றாவது, கக்கூஸில் தண்ணீர் அடிக்கும் சிஸ்டனுக்குள் இருக்குமே மிதக்கும் உருண்டை, அதன் குட்டி. தண்ணீர் இறங்கினால் உருண்டை இறங்கும், வால்வு திறக்கும், ஏறினால் மூடும். கரண்டும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். கையில் வைத்துப் பார்த்தேன். அது என்னைப்போல் இல்லாமல், எதையும் யோசிக்காமல் மேலும் கீழும் போய் வந்தது. வாங்கிவிட்டேன்.

"இத என்னத்தில பொருத்தப் போறீங்க?" என்று நானா கேட்டார். "எல்லாம் இருக்கு நானா" என்று கிளம்பிவிட்டேன். நின்று பதில் சொல்லியிருக்கலாம்.

நான் பொருத்தியது லயத்துக் குழாயில். எங்களுக்குத் தண்ணீர் மலையில் இருக்கும் ஊற்றுத் தொட்டியிலிருந்து ஒரே பைப்பில் இறங்கி வரும். நாங்கள் இருக்கும் மேல் லயத்தைத் தொட்டுவிட்டுக் கீழ் லயத்துக்குப் போகும். தண்ணீர் திறந்து விடுகிறவர் காலையில் திறப்பார், கொஞ்ச நேரத்தில் மேலே பூட்டிவிடுவார். திறந்திருக்கும்போது மீனும் குடித்துக்கொள்ளட்டும் என்பது என் கணக்கு. பொருத்தியதும் வேலை செய்தது. ஆனால் வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் என் நெஞ்சிலேயே சொட்டியது. அதனால் ஒரு துண்டு ரப்பர் ஓஸை மாட்டி, அதன் வாயைத் தண்ணீருக்குள் ஆழமாக விட்டேன். சத்தம் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழ் லயத்திலிருந்து சத்தம்.

"ஏய், சுடுதண்ணி வருதுடீ! பைப்புல சுடுதண்ணி!"

"பொய் சொல்லாத!"

"வந்து கைய வச்சுப் பாரு!"

மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, எங்கள் மலைப்பக்கத்தில் பல வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், டார்ச். ஊற்றுத் தண்ணீர் கலங்கினால், நிறம் மாறினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சூடானால் என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத அளவுக்குப் பெரிய ஆபத்து போல என்று எனக்குப் பட்டது.

"மலை சூடாயிருச்சு! ஓடுங்க!" என்று பையையும் மனைவியையும் பிடித்துக்கொண்டு கோயில் திடலுக்கு ஓடினேன். அவள் கையில் தோசைக் கரண்டி. நான் ஓடுவதைப் பார்த்து மேல் லயத்தில் பாதிப்பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் சேவலைத் தூக்கி வந்தார். கீழ் லயத்தில் ஓடி வந்தது குறைவு. சுடுதண்ணீர் நிற்பதற்குள் குளித்துவிட வேண்டுமென்று அவர்கள் வாளி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழ் லயத்துத் தங்கச்சி ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"அண்ணே, தண்ணிக்குள்ள என்னமோ நீந்துது."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். கொசுப் புழுவைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு கண்ணோடு, ஒரு மீன் குஞ்சு.

என் மனைவி நிமிர்ந்தாள். "என்னங்க, இது நம்ம கப்பிக் குஞ்சு மாதிரி இல்ல?"

"கப்பிக் குஞ்செல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்" என்றேன். சொல்லும்போதே கால் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

தொட்டியில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் இல்லை. ஏஞ்சல் மீன் இரண்டும் சாய்ந்து படுத்தபடி என்னைப் பார்த்தன. ஹீட்டரின் தலை வெளியே நின்றது. மனைவி பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். நடந்தது இதுதான்: மலையில் பூட்டியதும், கீழ் லயத்தில் திறந்து கிடந்த குழாய்கள் பைப்பில் இருந்த தண்ணீரைக் கீழே இழுத்திருக்கின்றன. பைப் வெறுமையானதும் என் ஓஸ் வழியாகத் தொட்டியையும் உறிஞ்சியிருக்கிறது. தண்ணீர் இறங்க இறங்க உருண்டையும் இறங்கி, இன்னும் நன்றாகத் திறந்துகொடுத்திருக்கிறது. நிரப்ப வைத்த சாமான் முழு மனதோடு காலி பண்ணியிருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதைச் சொல்லித்தருவது ஒன்பதாம் வகுப்பிலாக இருக்கும்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தங்கச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அப்ப நாங்க பிடிச்சது ஒங்க மீனு மூத்திரமாண்ணே?"

"இல்லம்மா, சுத்தமான தண்ணிதான், வாரா வாரம் மாத்துறேன்..."

"நான் அதுல தேத்தண்ணி போட்டுக் குடுத்துட்டேனே எங்க வீட்டுக்காரருக்கு!"

அவளுடைய வீட்டுக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "அதானே பார்த்தேன் மச்சான், இன்னிக்குத்தான் இவ தேத்தண்ணியில ஒரு ருசி இருந்துச்சு."

அடி விழவேண்டிய இடத்தில் சிரிப்பு விழுந்தது. சேவல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஓடியதில் சேவல் அவரைக் கொத்தியிருந்தது. லயத்துக் குழாயிலிருந்து அந்தக் கருமத்தை அப்போதே கழற்ற வேண்டும் என்று முடிவானது. கழற்றிவிட்டு நானாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஓஸ்ட வாய் தண்ணிக்கு மேல நிக்கோணும். சத்தம் வந்தா வரட்டும். வால்வ பைப்புல பூட்டாதீங்க, ஒரு வாளிய ஒசரத்தில வச்சு அதில பூட்டுங்க. சின்ன வாளி. முழுக்கக் கொட்டினாலும் தொட்டி தாங்கோணும்."

அந்தக் கடைசிச் சொல் எனக்கு நன்றாகப் பிடித்தது. நல்லா வேலை செய்யுமா என்று பார்த்துச் சாமான் வாங்குகிறார்கள் மற்றவர்கள். கெட்டுப்போனால் எவ்வளவு தூரம் கெடுக்கும் என்று பார்க்க வேண்டும். அதில் எனக்கு அனுபவம் உண்டு. தொட்டியில் மேலே எவ்வளவு இடம் காலி என்று சொம்பால் அளந்தேன். அதற்குள் அடங்குகிற வாளியாக, மூடியோடு, வால்வைவிட மலிவாகவே கிடைத்தது. அடியில் துளைபோட்டு வால்வின் குழாயை மாட்டி, அலமாரி மேல் வைத்துக் கயிறு கட்டி, கயிற்றுக்கும் ஒரு கயிறு கட்டினேன். தங்கச்சியிடம் சாவியைக் கொடுத்து, "பார்க்கலாம், தொடக்கூடாது" என்றேன். "முறுக்கு?" என்றாள். முறைத்தேன்.

ஹட்டனுக்குப் பந்தக்கால் நடுகிற அன்றைக்கே போய்விட்டேன். தங்கச்சி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பாதி அவளுக்காக.

கல்யாணத்தன்று மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சட்டைப்பைக்குள் போன் அடித்தது. கீழ் லயத்துத் தங்கச்சி. எடுக்காமல் இருக்க என்னால் முடியாது.

"அண்ணே, வாளியில தண்ணி அப்பிடியே இருக்கு. தொட்டிதான் கொறைஞ்சிருக்கு. சூடு பண்ற குச்சி தலை தெரியிது. ஒரு சொம்பு ஊத்திரவா?"

கிளம்பும்போது டெங்கு நுளம்பு முட்டையிடுமே என்று வாளி மூடியைச் சுற்றிப் பொலித்தீன் வைத்து இறுக்கிக் கட்டியிருந்தேன். காற்று உள்ளே போக வழியில்லாமல் தண்ணீர் இறங்க மறுத்திருக்கிறது. கொதிக்கும் கண்ணாடியில் இவள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாள் என்றால்...

"ஊத்தாத! வெடிச்சிரும்! மொதல்ல ப்ளக்கப் பிடுங்கு! பிறகு மேல ஓட்ட போடு! மேல ஓட்ட!"

மேளக்காரர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் வாசிப்பை நிறுத்தினார்கள். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. ஐயர் கையில் அட்சதையோடு நின்றுவிட்டார். பின்வரிசையில் ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே!" என்றாள் என் தங்கச்சி, பல்லைக் கடித்தபடி.

"ஒரு நிமிசம்மா."

போனுக்குள் ஊசியால் பொலித்தீனைக் குத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு, அவள் போனைத் தொட்டியோரம் பிடித்திருப்பாள் போல, டொக். கொஞ்சம் விட்டு, டொக். டொக். முன்பு என் நெஞ்சில் சொட்டிய அதே சத்தம். இப்போது கேட்கக் கேட்க மனம் ஆறியது.

"தாய்மாமன் மாலை போடலாமா?" என்றார் ஐயர்.

மணப்பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலையைக் குனிந்திருந்தாலும் தோள் குலுங்கியது. "மாமா, மொதல்ல போன வைங்க, மீனு கேட்டுக்கிட்டு இருக்கு" என்றாள். நான் போனைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, மணப்பெண் கழுத்தில் மாலையைப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் தங்கச்சி போனைக் காதில் வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏம்மா, இன்னும் சொட்டுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.