தளர்ந்த வலது கை

பாளையங்கோட்டையில் நாங்கள் டென்னிஸ் ஆடும் செம்மண் கோர்ட்டுக்குக் காலையில் வருகிற கிளார்க் அவர். ஒடிசலான உடம்பு, ஆட வரும்போதும் இஸ்திரி கலையாத சட்டை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்வார். கொப்புளம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கையாலும் அடிக்கிற பேக்ஹேண்ட் அவருக்கு வரவேயில்லை. வலது கை ராக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையை வேலை செய்ய விடாது. பந்து நெட்டில் போய் விழும்.

“வலது கையைத் தளர விடும்வே. இடது கைதான் அடிக்கணும்” என்று மாதக்கணக்கில் அவரைப் பிடுங்கியெடுத்தேன்.

“சரி அண்ணாச்சி” என்பார். மறுபடியும் இறுக்குவார்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை, அவர் அடித்த பந்து கோட்டோரம் சீறிப் போனது. அடுத்ததும் அப்படியே. ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினேன்.

“இப்பத்தான்வே என் பேச்சைக் கேட்டிருக்கீரு!”

அவர் நெட் அருகே வந்தார். “நான் எங்க அண்ணாச்சி விட்டேன்? அதுவா விட்டுட்டுது. மூணு மாசமா விரல் ஒவ்வொண்ணா மரத்துக்கிட்டு வருது. இப்ப கையெழுத்தே இடது கையிலதான் போட்டுப் பழகுதேன்.”

உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

“போடுங்க அண்ணாச்சி, இன்னொண்ணு.”

போட்டேன். பந்து மறுபடியும் கோட்டோரம் சீறியது. அவர் என்னைப் பார்த்தார். கைதட்ட எனக்குக் கை எழவில்லை.