மாதா வரும் நாளில் அமலோற்பவம் வெள்ளையடித்தார்

பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் அமலோற்பவம் யாரோடும் சண்டை போட்டதாக நெல்லித்தோப்பில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சண்டை போடாமலே ஜெயிக்கிறவரை ஊர் சாது என்று நினைத்துக்கொள்கிறது. ஊருக்கு அதில் ஒரு நிம்மதி. அமலோற்பவத்துக்கும்தான்.

தெருவின் அன்பியத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். அன்பியம் என்றால் தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து வீடுகளில் கூடி, ஜெபம் சொல்லி, சுண்டல் சாப்பிட்டு, வராதவர்களைப் பற்றிப் பேசுவது. அக்டோபரில் மாதா சுரூபம், அதாவது சிலை, நாளுக்கொரு வீடாகப் போகும். அடுத்த வீட்டுக்காரர், மாதா இருக்கிற வீட்டுக்குள் வந்து ஜெபமாலை சொல்லி, அந்த வீட்டு அம்மாள் கையிலிருந்து சுரூபத்தை வாங்கிப் போக வேண்டும்.

மாதா எல்லா வீட்டுக்கும் போவார். மதலேன் வீட்டையும் தெருக்கோடியில் ஜசிந்தா வீட்டையும் மட்டும் தாண்டிப் போவார். ஜசிந்தா புருஷனை விட்டு வந்தவர். மதலேன், கலியபெருமாளைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். கலியபெருமாள் எலக்ட்ரீஷியன், அம்மன் கோயில் திருவிழாவுக்கும் மாதா தேருக்கும் சீரியல் லைட் போடுவது அவர்தான். மாதாவின் தேர் மேல் அவர் ஏறலாம், அவர் வீட்டுக்குள் மாதா வரக்கூடாது. இப்படி யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் இந்து, பாவம், சங்கடப்படுவார் என்று அவருக்காக மற்றவர்களே சங்கடப்பட்டார்கள். அவரிடம் கேட்டவர் யாருமில்லை.

வருஷா வருஷம் மதலேன் வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு, எதிரே அமலோற்பவம் வீட்டுக்கு மாதா வருவதைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். இந்த வருஷம் கேட்டேவிட்டார்.

"எங்க வூட்டுக்கு மாதா வரணும்னா நான் என்னக்கா செய்யணும்?"

"நீ கோலம் போடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அமலோற்பவம் பங்குச் சாமியாரிடம் போனார். தாராளமாகச் செய்யுங்கள், என்னைக் கேட்டதாக மட்டும் சொல்லாதீர்கள் என்றார் சாமியார். நல்ல மனுஷர்.

தடையாக இருந்தவர் ராயப்பன். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெரு அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு மிசே என்றுதான் கூப்பிடும். ஜெபமாலையை முன்னின்று சொல்வதும் அவரே. முறை என்றால் முறைதான் என்பது அவர் கட்சி. மதலேன் வீடு முறையில் இல்லை, ஆகவே சேர்க்க முடியாது. சேர்க்காததால் அது முறையில் இல்லை. இந்த வாதத்தை அமலோற்பவம் உடைக்கப் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் சாவு, அம்மை, வெள்ளையடிப்பு என்று ஏதாவது இருந்தால் மாதா எதிர் வீட்டுக்குப் போவார் என்பதும் அதே முறையில் இருந்தது.

அமலோற்பவம் வீட்டில் யாரும் சாகிற மாதிரி இல்லை. சுண்ணாம்பு வாங்கினார். பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்; நிஜமாகவே அடித்துவிட்டால் அந்தச் சிரமமில்லை. கட்டிலும் பீரோவும் தெருவுக்கு வந்தன.

"இன்னைக்குத்தான் அடிக்கணுமா?" என்றார் மிசே.

"மாதா வராங்களேன்னுதான் அடிச்சேன் மிசே. காயல."

அன்று மாலை முந்தைய வீட்டுக்குப் போய்ச் சுரூபத்தை வாங்கி வந்தவர் மதலேன். கலியபெருமாள் கூடவே நடந்தார், சுரூபத்தைத் தொடாமல், தொடலாமா என்று தெரியாமல். வீட்டில் இரண்டு திருவிழாவின் விளக்குகளையும் ஒன்றாகத் தொங்கவிட்டிருந்தார். பிள்ளைகள் முதலில் உள்ளே ஓடின. பிள்ளைகளைப் பிடிக்க அம்மாக்கள் போனார்கள், அம்மாக்களைக் கூப்பிட அப்பாக்கள். மிசே மட்டும் முழங்கால் வலி என்று வரவில்லை.

மறுநாள் முறை மிசே வீடு. அமலோற்பவம் இதையும் யோசிக்காமல் சுண்ணாம்பு வாங்கியிருப்பாரா?

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்த மிசே வாசலிலேயே நின்றார்.

"மதலேன், மாதாவ வெளியில கொண்டாம்மா."

மதலேன் அமலோற்பவத்தைப் பார்த்தார். எதிர் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த அமலோற்பவம் தலை நிமிரவில்லை.

"உள்ள வந்து ஜெபமாலை சொல்லாம எப்படி மிசே குடுக்கறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் மதலேன்.

தன்னுடைய வார்த்தை எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதை மிசே அன்றுதான் கேட்டார். செருப்பைக் கழற்றினார். கலியபெருமாள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, முழங்கால் வலி என்று சொன்னார்களே, உட்கார்ந்தே சொல்லுங்கள் என்றார். இல்லாத வலிக்கு மரியாதை செய்து மிசே உட்கார்ந்தார். சுண்டல் இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது மிசேயின் மனைவி அந்த விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். இவ்வளவு வெளிச்சத்தில் இருந்த மாதா நம் வீட்டு டியூப் லைட்டிலா உட்காருவார் என்று புருஷனைக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கலியபெருமாள் மிசே வீட்டில் ஏணி மேல் இருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மிசே, இடது பக்கம் இறங்குகிறது என்று அதிகாரம் செய்தார்.

விளக்கு எரிந்ததும் மாதா ஜொலித்தார். மிசே வீட்டுச் சுவரின் அழுக்கும் பளிச்சென்று தெரிந்தது.

"சுண்ணாம்பு மிச்சம் இருக்கு மிசே," என்றார் அமலோற்பவம். "வர்ற வருஷம் அக்டோபர்ல அடிச்சிடலாம்."

மிசே சுவரைப் பார்த்தார். வாசல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தார். அது ஜசிந்தா வீடு, மாதா இன்னும் தாண்டிப் போகிற வீடு. பிறகு அமலோற்பவத்தைப் பார்த்தார்.

"சரி, குடுத்தனுப்பு, எடுத்து வெக்கறேன்," என்றார்.